தடை மசோதா அன்று வந்த ஓர் அழைப்பு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் ஹார்ட்விக்கின் அலுவலகத்தில் போன் எடுப்பது மரிசேலாவின் வேலை. அந்த ஜனவரியில் காலை எட்டு மணிக்கே மணி அலற ஆரம்பித்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் குடியுரிமைக் காகிதம் இல்லாவிட்டாலும் அவர்களை நாடு கடத்தக் கூடாது என்று ஜனாதிபதி உத்தரவு போட்டிருந்தார். அதை முடக்கும் மசோதா அன்று பிரதிநிதிகள் சபையில் ஓட்டுக்கு வந்தது.

அழைப்பவர் சொல்வதைக் கேட்டு ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ கட்டங்களில் ஒன்றில் கோடு போட வேண்டும். பதில் பேசக் கூடாது.

"அத்தனை பேரையும் பஸ்ல ஏத்தி அனுப்பச் சொல்லும்மா," என்றார் ஒருவர்.

"சொல்லிடறேன் சார்."

‘ஆதரவு’ கட்டத்தில் கோடு போட்டாள். அவள் கணவன் எஃப்ராயின் பதினோரு வருடமாக இறைச்சி ஆலையில் வேலை செய்பவன். காகிதம் இல்லாதவன்; பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள் என்பதால் அந்த உத்தரவு அவனுக்கும் பொருந்தும். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

மதியத்துக்குள் நான்கு முறை கூப்பிட்டுவிட்டான். "என்னடி ஆச்சு?"

"இன்னும் ஓட்டு நடக்கல. சும்மா சும்மா கேக்காத."

"கேக்காம இருக்க முடியல."

அவளாலும் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய், கார்கள் நிற்கும் இடத்தில் பனியில் நின்று தன் அலுவலக எண்ணையே அழைத்தாள். பக்கத்து மேசை டோலன் எடுத்தார்.

"இந்தத் தொகுதி வாக்காளர் பேசறேன். மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லுங்க."

டோலன் ஜன்னல் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். "காரணம் ஏதாவது எழுதணுமா?"

"என் புருஷன்."

"பேரு?"

"மரிசேலா ஒச்சோவா."

"எழுதிட்டேன். இந்தக் குளிர்ல கோட்டுகூட மாட்டாம நிக்கிறியே, லூசு! உள்ள வா."

ஹார்ட்விக் மசோதாவை ஆதரித்தே ஓட்டுப் போட்டார். சபையில் அது நிறைவேறியது. மறுநாள் அவரே அவளைப் போனில் கூப்பிட்டார்.

"உன் குறிப்பைப் படிச்சேன். எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஓட்டு மாறியிருக்குமா சார்?"

"இல்லம்மா."

"அதான் சார்."

அந்த வாரமே வேலையை விட்டாள். மசோதா செனட்டில் ஓட்டுப் போதாமல் விழுந்தது. ஆனால் ஜனாதிபதியின் உத்தரவுக்கே ஒரு நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எஃப்ராயினுக்குக் காகிதம் வரவில்லை. பிடித்துப் போகவும் யாரும் வரவில்லை. வாசலில் கார் நின்றால் இன்றும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.