கீறல் போட்ட ஃப்ளோட்

பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்று பேர். வண்டி வாசலில் நுழைவதற்குள் எந்த வால்வு அடிக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதில் வலது பக்கம் அடைத்து வருஷக்கணக்காகிறது. இடது பக்கமும் இப்போது பஞ்சு வைத்த மாதிரிதான். பட்டறையில் யாருக்கும் தெரியாது. வாயைப் பார்த்துப் பதில் சொல்வார். புரியாத இடத்தில் முறைப்பார். முறைத்தால் எதிராளி தானாகவே இன்னொரு தரம் சத்தமாகச் சொல்வான்.

முதலாளியின் அப்பா ஓட்டிய கார் ஒன்று போர்வைக்குள் கிடந்தது. பழைய வண்டிகளின் ஊர்வலம் வருகிறது, அதை ஓட்டியே ஆகவேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். நின்ற இடத்திலேயே கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் கொட்டியது. காதுக்காரர் பிரித்துப் பார்த்தார். ஊசி தேய்ந்து அதன் முனையைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது, அது உட்காரும் சீட்டும் தேய்ந்திருந்தது. இரண்டுக்கும் புதுசு கிடைத்துவிட்டது. ஃப்ளோட்டுக்குத்தான் கிடைக்கவில்லை. பெட்ரோலில் மிதந்து மேலே வந்து, ஊசியைத் தூக்கி வழியை அடைக்கிற பித்தளை டப்பி அது. பழசு நசுங்கிவிட்டது. அலமாரியில் ஒரு பெட்ரோல் டப்பாவுக்குள் அதே அளவில் மூன்று ஊறிக் கிடந்தன.

“மூணுல எது நல்லதுன்னு நாளைக்குக் காலையில பாத்துப் போடுய்யா. உனக்கென்ன, ஆட்டினா அதுவே சொல்லிடும்” என்றார் முதலாளி.

காதுக்காரர் சரியென்று தலையாட்டினார்.

ஓட்டை ஃப்ளோட்டுக்குள் இரண்டு சொட்டு பெட்ரோல் இறங்கியிருக்கும். எடையில் தெரியாது. காதோரம் வைத்து ஆட்டினால் சளக் என்று கேட்கும். அது கேட்காதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. வெந்நீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும், கண் இருந்தால் போதும். ஆனால் அந்த வழியை முள் போட்டு அடைத்ததே அவர்தான். பெண்டாட்டியின் தம்பியைப் பட்டறையில் சேர்த்துவிட்ட புதிதில், அவன் ஒரு மக்கில் வெந்நீர் கொண்டுவந்தான். எல்லோர் முன்னாலும் அதைத் தட்டிவிட்டார்.

“குளிக்கப் போறியா மச்சான்? காதுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, பென்சில் சொருகவா?”

அன்றையிலிருந்து அவன் பேர் வெந்நீர். பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோதுகூட, “ஓ, நம்ம வெந்நீரா!” என்று பட்டறையே சிரித்தது. அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியும் காதுக்காரர் சிரித்தார்.

அன்று சாயங்காலம் மூன்று ஃப்ளோட்டையும் டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

“இனிமே இந்த டப்பாவுல எவன் சாப்பிடுவான்?” என்றாள் பெண்டாட்டி, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று.

“நீதான். வெந்நீர் வை.”

“வெந்நீரா? நீங்களா?” அவள் சிரித்துவிட்டாள். “பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்குது, சரி பண்ணுங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன். உள்ள மாட்டிக்கிட்டா நான் கத்துறது உங்களுக்குக் கேக்கவா போகுது?”

அவர் முறைத்தார். பெண்டாட்டியிடம் அந்த முறைப்பு செல்லாது.

அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தரையில் இறக்கி, ஒவ்வொன்றாக முக்கினார். இரண்டு குமிழி விட்டன. ஒன்று சும்மா கிடந்தது. அதன் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சின்னதாக ஒரு கீறல் போட்டார்.

“எதுக்குங்க அது?”

“நல்லதுக்கு அடையாளம். வெளிய வாயைத் திறந்தே, பல்லு இருக்காது.”

விடிந்ததும் பட்டறைக்குப் போய், மூன்றையும் பழையபடி பெட்ரோலில் போட்டார். பிறகு அவர் டீ குடிக்கப் போனார்.

அவர் ஃப்ளோட் ஆட்டுவதைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிடுவார்கள். அன்றும் கூடினார்கள். முதல் ஃப்ளோட்டை எடுத்தார். கட்டைவிரலுக்குக் கீறல் தட்டுப்பட்டது. உயிர் வந்தது. ஒப்புக்கு மற்றதையும் ஆட்டுவோம் என்று இரண்டாவதை எடுத்தார். அதிலும் கீறல். மூன்றாவதிலும் கீறல்.

நிமிர்ந்தார். எதிரே மச்சான் ஆவி பறக்கிற மக்கோடு நின்றான்.

“என்ன மாமா, மூணும் ஒரே மாதிரி பேசுதா? வேணும்னா சொல்லுங்க, சூடா இருக்கு.”

சிரிப்புச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. அந்தக் கீறலைப் பார்த்தவள் ஒருத்திதான், இவன் அக்கா.

“இது” என்று கையில் இருந்ததை மாட்டினார். வண்டி பூப்போல ஓடியது. முதலாளி அவர் தோளில் தட்டினார். மத்தியானத்துக்குள் காருக்கடியில் தரை நனைந்துவிட்டது.

முதலாளி பின்னால் நின்று கூப்பிட்டார். காதுக்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டார்.

“இன்னும் சத்தமாக் கூப்பிடுங்க முதலாளி, பக்கத்துத் தெருவுல இருக்காரு” என்றான் மச்சான். மாட்டியிருந்ததைக் கழற்றி மக்கில் போட்டான். குமிழி வந்தது. மற்ற இரண்டையும் போட்டு, சும்மா கிடந்ததை எடுத்து மாட்டினான்.

முதலாளி காதுக்காரரின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நாளையிலேருந்து வண்டி கழுவு. அங்க காது வேணாம்.”

வீட்டுக்கு வந்தார். சாப்பாடு மூடி வைத்திருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு, பாத்ரூமை ஒட்டிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகில் சுவர் அதிர்ந்தது. தட்டுகிறாள். தாழ்ப்பாள் சிக்கிவிட்டது. அவர் பிசைந்து, நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டார். சுவர் வேகவேகமாக அதிர்ந்தது. பிறகு விட்டுவிட்டு அதிர்ந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வந்து சாய்ந்துகொண்டார்.

பட்டறை விட்டதும், காதுக்காரரின் வேலை மேஜை தனக்குக் கிடைத்த சேதியை அக்காவிடம் சொல்ல மச்சான் வந்தான். வாசலிலேயே அவன் முகம் மாறியது.

“மாமா! அக்கா உள்ள கத்துது, கேக்கல?”

“கேக்காதுன்னு அவளே உன்கிட்டச் சொல்லலையா?”

அவன் ஓடிப்போய்க் கதவை இழுத்தான், தோளால் இடித்தான், அசையவில்லை. திரும்பி ஓடிவந்து அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தான். “உளி எங்க இருக்கு மாமா? மூச்சு வாங்குது அதுக்கு!”

காதுக்காரர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

“உளி எதுக்கு மச்சான்?” என்றார். “வெந்நீர் ஊத்திப் பாரேன்.”