வலது காலணி

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. செவிலி சீக்கிரமே வந்துவிட்டாளோ என்று குன்வோர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். செவிலி இல்லை. வெயிலில் தோலுரிந்த மூக்கும் மலையேறும் பூட்ஸுமாக ஒரு பெண் இறங்கினாள். கையில் ஒரு நீலநிறக் குளிர்பெட்டி.

"நான் மெரெத்தே. தொல்லியல் துறைங்க. ஸ்கார்வ் மலையிலேர்ந்து நேரா வர்றேன். தோர்லைவ் வீடு இதுதானே? அவர் எழுதின பழைய கடிதம் ஒண்ணு எங்க கோப்புல இருக்கு. அவர்கிட்ட ஒண்ணு காட்டணும்."

"அப்பாவுக்கு ரொம்ப முடியலை. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ இன்னைக்கே காட்டிடணும்" என்றாள் மெரெத்தே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, முகம் சிவந்து நின்றாள்.

பெட்டிக்குள் என்ன என்று குன்வோர் கேட்கவில்லை. அந்தக் கோடையில் ஸ்கார்வ் மலைப் பனி யாரும் கண்டிராத அளவுக்கு உருகிப் பின்வாங்கியிருந்தது. பழங்கால வேடர்களின் அம்புகளும், கலைமான்களை மிரட்டி ஓட்ட அவர்கள் நட்ட கோல்களும் வெளிவந்தபடி இருந்தன. வாரம் ஒருமுறை செய்தித்தாளில் படம் வந்தது. படம் வந்த பக்கத்தை ஒவ்வொரு முறையும் அவள் மடித்துக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

மெரெத்தே கட்டிலருகே மண்டியிட்டு, மூடியைத் திறந்து, ஈரத்துணியை விலக்கினாள். பதப்படுத்தாத தோலில் தைத்த காலணி. சுருங்கிக் கறுத்திருந்தது. ஓரத்தில் வார் கோத்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மக்கிய கலைமான் சாணமும் நனைந்த தோலும் கலந்த வாடை அறையில் எழுந்தது. குன்வோர் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாடையை அவளுக்குத் தெரியும்.

அப்பா கண்ணைத் திறந்தார். மூன்று நாட்களாக அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எந்தக் கால்?"

"தேய்மானத்தைப் பார்த்தா இடதுதான்."

"என்னோடது வலது."

"ஆமா. கடிதத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. கண்டெடுத்த இடத்தைப் படம் போட்டே காட்டியிருந்தீங்க. அங்கேயிருந்து நாப்பது அடி தள்ளித்தான் இது கிடைச்சுது." மெரெத்தே குரலைத் தாழ்த்தினாள். "நாய் தின்னுடுச்சுன்னு எழுதியிருந்ததால அப்போ இருந்தவங்க யாரும் நம்பலை போலிருக்கு. எங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நம்பாட்டி என்ன" என்றார் அப்பா. "அது அங்கதானே இருந்துச்சு."

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு, செப்டம்பரில், அவரும் அவர் நண்பர் எம்ப்ரிக்கும் கலைமான் வேட்டைக்குப் போன இடத்தில் பனி விளிம்பில் அந்த வலது காலணியைக் கண்டார்கள். அப்பா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, உள்சட்டையோடு குளிரில் நடுங்கியபடி கீழே கொண்டுவந்தார். சமையலறையில் ஒரு தொட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றி அதில் கிடத்தினார். "மூவாயிரம் வருசமாவது இருக்கும்" என்றார். எம்ப்ரிக் தலையாட்டினார். பார்த்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். பிறகு குன்வோர்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மறுநாள் ஞாயிறு. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பெற்றோர் ஆஸ்லோவிலிருந்து முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். வெண்மேசைவிரிப்பு, பூ, வெள்ளிக் கரண்டி எல்லாம் இருந்தது. எல்லாவற்றின் மேலும் சாண வாடை அடித்தது. அப்பா தொழுவத்தில் இருந்தார். அவள் இடுக்கியால் காலணியைத் தூக்கி அடுப்புக்குள் போட்டாள். ஈரத்தில் அது சீறியதே தவிர எரியவில்லை. மேலே இரண்டு பிர்ச் கட்டைகளை வைத்து இரும்புக் கதவைச் சாத்தினாள்.

"பாம்ஸே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுப்பா" என்றாள்.

அப்பா அடுப்பைப் பார்த்தார். படியில் படுத்திருந்த நாய் பாம்ஸேயைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்து "சரி" என்றார்.

அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் நாய் தின்றுவிட்டது என்றே சொன்னார். கூட்டுறவுக் கடையில் அவர் தலை தெரிந்தால் போதும், "மூவாயிரத்தார் வர்றார், வழி விடுங்கப்பா!" என்பார்கள். "அந்த நாய்க்கு எத்தனை வருசத்துப் பசி, தோர்லைவ்?" என்று ஒருவன் கேட்பான். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு உப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வருவார். கடிதத்தில் கூடவே கையெழுத்துப் போட்டிருந்த எம்ப்ரிக்குக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. புளுகன் என்ற பேச்சு தாங்காமல் அந்தக் கடைக்குப் போவதையே விட்டார். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் மாவு வாங்கினார். குன்வோரின் கல்யாணம் நான்கு வருடம் தாங்கியது.

மெரெத்தேயின் கார் இறக்கத்தில் மறைந்ததும் குன்வோர் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

"அப்பா, அந்த ஷூ..."

"பாவம், பாம்ஸே" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "அதுக்கு அப்பவே வாயில ஒரு பல்லு கிடையாது. பால்ல ஊறின ரொட்டியத்தான் நக்கிக்கிட்டுக் கிடந்துச்சு."

அவள் கட்டிலை நோக்கிக் குனிந்தாள்.

"தெரியுமா உங்களுக்கு? அப்பவேவா?"

"ஜன்னலைக் கொஞ்சம் திற, புழுங்குது."

திறந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். சொல்லவேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. போர்வையின் மடிப்பை நீவினாள், மருந்துப் புட்டிகளை உயரவாரியாக அடுக்கினாள், மறுபடி நீவினாள். நான்கு மணிக்குச் செவிலி வந்து அவரைப் பக்கவாட்டில் திருப்பியபோது மூச்சு நின்றிருந்தது.

எட்டாம் நாள் அடக்கம் முடிந்து ஊர்க் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சால்மன் வைத்த ரொட்டித் துண்டுகள், லெஃப்ஸே என்ற மெல்லிய உருளைக்கிழங்கு அப்பம், கிரீம் கேக். மெரெத்தேயும் கறுப்பு உடையில் வந்திருந்தாள். குன்வோர் உட்காராமல் காபிக் கூஜாவோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள். கடைக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருசம் அவரை மூவாயிரத்தார்னு கேலி பண்ணினோம். நான்தான் அந்தப் பேரை வச்சதே. கடைசில பாருங்க, அவர் சொன்னதுதான் நிஜம். எம்ப்ரிக், உன்கிட்டயும் இந்தச் சபையில மன்னிப்புக் கேட்டுக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன, அந்த நாய் மட்டும் அன்னைக்குக் கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தா ஜோடியா கிடைச்சிருக்கும்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. பிரியமான சிரிப்பு. எம்ப்ரிக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பேசாமல் இருந்துவிட்டால் போதும், இது இப்படியே முடிந்துவிடும் என்று குன்வோருக்குத் தெரிந்தது. அது தெரிந்ததில்தான் அவளுக்குக் கழுத்துவரை எரிந்தது.

"நாய் தின்னலை" என்றாள்.

சிரிப்பு சட்டென்று அடங்கவில்லை. ஒரு பக்கம் ஓய்ந்து, இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டே போய் நின்றது.

"நான்தான் அடுப்புல போட்டேன். வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றதா இருந்துச்சு. நாத்தம் அடிச்சுது, அதான். அப்பாவுக்குத் தெரியும்."

கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். மெரெத்தே தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூஜாவில் காபி இன்னும் பாதி இருந்தது. குன்வோர் விட்ட இடத்திலிருந்து ஊற்றத் தொடங்கினாள். ஒவ்வொருவரும் கோப்பையைச் சற்று முன்னே நகர்த்தினார்கள்; "நன்றி" என்று ஒருத்தி மட்டும் முணுமுணுத்தாள்.

எம்ப்ரிக்கிடம் வந்து கூஜாவைச் சாய்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் அகன்ற உள்ளங்கையைக் கோப்பையின் மேல் வைத்து மூடினார்.

அவள் கூஜாவை நிமிர்த்தினாள். பிறகு அடுத்த கோப்பைக்கு நகர்ந்தாள்.