மச்சான் கட்டிய இலை

தக்காளிக் கொடிக்கு ஊன்றியிருந்த கம்பி, கணுக்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. மழை பெய்து வயல் முழுக்கச் சேறு. ரத்தத்தைக் கழுவி, துணியைச் சுற்றி, மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

தன்னாத் தீவிலிருந்து குயின்ஸ்லாந்துக்கு அறுவடைக்கு வந்த எங்கள் கூட்டத்துக்கு நௌகாதான் தலைவர். என் மனைவியின் அண்ணன். மனைவியின் அண்ணனை எங்களில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சின்னக் காயமானாலும் மறைக்காதீர்கள், இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று கிளம்பும் முன் எங்கள் தலைநகரான விலாவில், ஆள் அனுப்பும் ஆபீசில் ஒரு பெண் தொண்டை வற்றச் சொல்லி அனுப்பினாள். அப்போதும் நாங்கள் நௌகாவின் முகத்தைத்தான் பார்த்தோம்.

கால் வீங்கியதும் அவரிடம் காட்டினேன்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்துடவா மச்சான்?"

"இதுக்கா? போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தான். இந்த வருஷம் அந்த ஊர்ல ஒருத்தனையும் கூப்பிடல."

"ரொம்ப எரியுது மச்சான்."

"கால் எரிஞ்சா ஆறிடும் மாப்ளே. ஊர்ப் பேரு கெட்டா ஆறாது."

கொட்டகைக்குப் பின்னால் ஏதோ இலையைப் பறித்து, மென்று, காயத்தில் வைத்துக் கட்டினார்.

"இது நம்ம ஊரு இலையா?" என்றேன்.

"அதுக்குத் தம்பி முறை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காய்ச்சலோடு வேலை செய்து ஒருநாள் வரிசைக்கு நடுவே விழுந்தேன். மேற்பார்வை பார்க்கும் டெனிஸ்தான் வண்டியில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். பாதம் நிலைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டார். வலி தெரியவில்லை என்றேன். மச்சானை எப்படிக் காட்டிக் கொடுப்பது?

மறுநாள் டெனிஸ் வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கவா குடிச்சு போதையில ரோட்ல விழுந்தியாமே, யோலு. டாக்டர்கிட்ட போன்னு நௌகா கெஞ்சியும் நீ கேக்கலையாம். வேலையில பட்ட காயம்னா கம்பெனி பாத்துக்கும். இப்ப நான் என்ன பண்ண? நடக்க ஆரம்பிச்சதும் ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. இனிமே உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் நௌகா வந்தார். கையில் கோழிக் குழம்பும் சோறும்.

"கோச்சுக்காத மாப்ளே. நான் தடுத்தேன்னு தெரிஞ்சா கூட்டத்தையே கலைச்சுடுவாங்க. ஒருத்தன் மேல போட்டாத்தான் மத்தவன் பொழப்பு நிக்கும்."

"அந்த ஒருத்தன் நானா?"

"நீ நம்ம வீட்டு ஆளு. உன்கிட்டதான கேக்க முடியும்?"

அதுகூட எனக்கு நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டப் போனேன்.

"என் இடத்துக்கு யாரு வர்றா?" என்று மட்டும் கேட்டேன்.

பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னார். "என் தம்பிதான். போன வாரமே பேரு கொடுத்துட்டேன்."

போன வாரம் நான் வயலில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலோரம் இருந்த பொத்தானை அழுத்தினேன். நர்ஸ் வந்தாள். டாக்டரையும் டெனிஸையும் கூப்பிடச் சொன்னேன்.

"எதுக்குடா?" என்றான் நௌகா.

டெனிஸ் வந்ததும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்பி கிழித்ததிலிருந்து தொடங்கினேன். எங்கள் கூட்டத்தில் அவனுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். நான் தப்பும் தவறுமாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குப் புரிந்தது.