ஆறு மணிக்குச் சாத்தும் ஜன்னல்

புதுக் குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே டிரைவரம்மாவின் கணவர் சரி என்று தலையாட்டிவிட்டார். தன் அக்கா எதிரில் நின்றால் அவர் ஆமாம்சாமி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா அங்கே குடிபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தம்பி குடும்பமும் பக்கத்திலேயே வந்துவிட்டால் நல்லது கெட்டதுக்கு ஒருவருக்கொருவர் ஒத்தாசையாச்சு என்பது அவள் எண்ணம்.

குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லைதான். வாசலில் காவல், உள்ளேயே பள்ளிக்கூடம், நீச்சல் குளம், கார் நுழையாத தெருக்கள், கடைசியில் மதில்போல அடர்ந்த மரவரிசை. மகள் ஊஞ்சலை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஏழு வயது, வீட்டில் அவள் பெயர் சுண்டெலி. சுண்டெலிக்கு மூச்சிழுப்பு உண்டு. இப்போதிருக்கும் வீடு லாரிகள் ஓயாத சாலையை ஒட்டியது. இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த வீடு தேடும் படலமே.

சுண்டெலியின் அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவள். பயணிகள் டிரைவரம்மா என்பார்கள். அவளுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. காலையில் ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டியதை நம்பி பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைப்பதா? ஒருநாள் டூட்டி முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல், யூனிபாரத்தோடு போய் அந்தப் பூங்காவில் உட்கார்ந்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிள்ளைகள் சைக்கிளில் வட்டமடித்தார்கள். வெயில் தாழ்ந்தபோது காற்று திரும்பியது. எரிந்த ரப்பர் நாற்றம் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. யாரும் கூப்பிடாமலேயே பிள்ளைகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தெரு நெடுக ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

கைக்குழந்தையோடு போன ஒருத்தியை நிறுத்திக் கேட்டாள். "மரத்துக்கு அந்தப் பக்கம் பழைய டயரை உருக்கற ஆலை இருக்கு. ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திட்டா ஒண்ணும் தெரியாது. போகப்போகப் பழகிடும்," என்றாள் அவள். பிள்ளைகளுக்கு இருமல் வருமா என்றதற்கு, எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா திரைச்சீலைத் துணி மாதிரிகளோடு வந்து இறங்கினாள். சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பிக்கொண்டிருந்தபோது டிரைவரம்மா சொன்னாள்.

"அண்ணி, நாங்க அங்க வரலை."

கணவர் தம்ளரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். அவள் பார்த்ததை மறைக்காமல் சொன்னாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. நாங்கள் எல்லாம் மனுஷர் இல்லையா, எங்கள் பிள்ளைகள் வளரவில்லையா, இந்தக் காலத்தில் எங்கே புகை இல்லை என்று மூச்சுவிடாமல் கேட்டாள்.

"சாயந்திரம் ஜன்னலைச் சாத்தறீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க அண்ணி."

"சாத்தறோம். அதுக்கென்ன இப்போ?"

"என் பொண்ணுக்கு நல்ல மூச்சு வேணும்னுதான் வீடு மாத்தறோம். சாத்திக்கிட்டு உள்ள இருக்க இந்த வீடே போதும்."

அக்கா தம்பி பக்கம் திரும்பி, நீ என்னடா வேடிக்கை பார்க்கிறாய் என்றாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ சாயந்திரம் போய்ப் பாத்திருக்கா அக்கா. நான் ஊஞ்சலைத்தான் பாத்தேன்."

அக்கா துணிகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அதன்பிறகு அவர்கள் பார்த்த இடத்தையெல்லாம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மழை பெய்தால் இன்னொருமுறை பார்த்தார்கள். வீட்டுத் தரகர் அலுத்துப்போய் போனை எடுப்பதையே நிறுத்தினார். கடைசியில் கிடைத்தது மேட்டுத் தெருவில் ஒரு பழைய கட்டடம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, சுவர் பொரிந்திருந்தது, எதிர்வீட்டுக்காரர் டிரம்பெட் பழகுகிறவர். சாமான் ஏற்றிய அன்று கணவர் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசவு வைத்திருந்தார். ஆனால் பொழுது சாய்ந்தும் முற்றத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், சுண்டெலியும் அதில் ஒருத்தி.

அக்கா மாதக்கணக்கில் பேசவில்லை. குளிர்காலத்தில் சுண்டெலிக்கு இழுப்பு வந்தது என்று கேள்விப்பட்டுத்தான் படியேறி வந்தாள். மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தவள், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாத்தியா, இங்க வந்தும் விடலை."

"விடலைதான் அண்ணி. அதுக்காக அங்க வந்து அதை வளக்கணுமா?"

அக்கா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இந்தப் படி தன்னால் ஆகாது, இனி நீங்கள்தான் வரவேண்டும் என்றாள்.

"வர்றோம் அண்ணி. காலைல வந்துட்டு மத்தியானமே கிளம்பிடறோம்."

அக்கா அவளை முறைத்தாள். டிரைவரம்மா பார்வையைத் தாழ்த்தவில்லை.