சத்யபிரியாவின் முறை

நான் பெலிக்ஸ். விராலிமலையில் கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்துப் பிழைக்கிறவன். போன வாரம் திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி ஸ்டூடியோவில் ஜாஸ் ஆல்பம் பதிவு செய்தேன். ஆமாம், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கீபோர்டு சத்யபிரியா, பேஸ் கிதார் சிராஜ், டிரம்ஸ் வசந்தகுமார். நாலு பேரும் ஒரே அறையில் சேர்ந்தே வாசிக்க வேண்டும். ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தமும் விழும் என்பதால், ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கடைசிப் பாட்டு சத்யபிரியா போட்ட மெட்டு. நடுவில் அவள் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று இருந்தது. இத்தனை வருடமும் சர்ச்சில் பாடுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவள். அவள் பெயரைச் சொல்லி யாரும் கைதட்டியதில்லை. அன்று சாயங்கால பஸ்ஸில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். இந்தப் பதிவு ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சும்.

"அண்ணே, நான் வாசிக்கிறப்ப நீங்க குறுக்க வந்துராதீங்க. ஒங்க சத்தத்துல நான் காணாமப் போயிருவேன்," என்றாள்.

"போம்மா, நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றேன் திமிராக.

தொடங்கினோம். அவள் முறை வந்தது. அடடா, என்ன வாசிப்பு! வசந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டட முதலாளி நல்லதம்பி வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு, பின்னால் நாலு ஆட்கள்.

கல்யாண மண்டபத்தில் இப்படி ஒருத்தர் வாசலில் தலைகாட்டினால், என்ன பாட்டு ஓடினாலும் பாதியில் அறுத்துவிட்டு வரவேற்பு மெட்டை ஊத வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கல்யாண வீட்டார் எங்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள். புத்தி யோசிப்பதற்குள் விரல் வேலையைக் காட்டிவிட்டது. ஊதிவிட்டேன், மண்டபமே அதிர ஊதுகிற மாதிரி.

சத்யபிரியாவின் கை நின்றது.

நல்லதம்பியோ கும்பிட்டபடி உள்ளேயே வந்துவிட்டார். "மரியாத தெரிஞ்ச ஆளுய்யா!" என்று தோள் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். பாழாய்ப் போன என் முதுகு தானாகவே வளைந்தது. சிராஜ் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

அவர்கள் போனதும், "விடுங்கண்ணே. நான் தனியா வாசிக்கிற எடமே வேணாம். அங்கயும் நீங்களே வாசிங்க," என்றாள் சத்யபிரியா. குரலில் கோபமே இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வாய மூடு! நீதான் வாசிக்கிற," என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். சாக்ஸபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, அதை மறித்து நின்றுகொண்டேன். இனி என்னை நானே நம்புவதாக இல்லை. மூவரும் உள்ளே வாசித்தார்கள். தடித்த கதவு, எனக்கு ஒரு சுரமும் கேட்கவில்லை.

கடைசியில் சத்யபிரியாதான் கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, சூப்பரா வந்துருச்சு! இந்தப் பாட்டுக்கு சாக்ஸ் இல்லாததுதாண்ணே அழகு," என்றாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள்.

என் பெயரில் வரப்போகிற ஆல்பம். "ஆமாம்மா, அப்படியே போட்டுருவோம்," என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ் ஏற்றிவிடுவதற்காக அவள் பையைத் தூக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினேன்.