எச்சில் சோதனை

பஸ் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய தம்பி, பட்டப்பகலில் சீருடை இல்லாமல் தன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததுமே அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. என்னை வண்டிய விட்டு இறக்கிட்டாங்க."

"எங்கயாவது இடிச்சிட்டியா?"

"இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா? எல்லா டிரைவருக்கும் எச்சில் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. என் மரபணுவுல ஏதோ அடையாளம் இருக்காம். நெருக்கடின்னு வந்தா தாங்க மாட்டேனாம்." கொஞ்சம் தயங்கினான். "இத யாரு கண்டுபிடிச்சதுன்னு கம்பெனி டாக்டர்கிட்ட கேட்டேன். உன் பேரச் சொல்றார், அக்கா."



மன அழுத்தம் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவள் அவள். தம்பி அவளை 'எலியம்மா' என்றுதான் கேலி செய்வான். தாய் கவனிக்காத எலிக்குஞ்சுகளின் மூளையில், பதற்றத்துக்குப் பிரேக் போடும் மரபணு ஒன்றின்மேல் ஒரு ரசாயன அடையாளம் ஒட்டிக்கொண்டு அதை மந்தமாக்கிவிடுகிறது என்று காட்டியவள். அந்தக் கட்டுரை உலகத்தையே சுற்றி வந்தது. ஆனால் அதற்கு இரண்டாம் பாதி ஒன்றும் இருந்தது. அதே குஞ்சுகளை விசாலமான கூண்டில் துணையோடு வளர்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை மற்ற எலிகளைப் போலவே சமாளித்துக்கொண்டன. அந்தப் பாதி வாசலைக்கூடத் தாண்டவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கே தம்பியை இழுத்துக்கொண்டு பஸ் கம்பெனிக்குப் போனாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"மேடம், நீங்களா! நீங்க இல்லன்னா இந்த டெஸ்ட்டே இல்ல."

"நான் பாத்தது எலியோட மூளைய. நீங்க பாக்கறது மனுஷனோட எச்சில. ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னா?"

"டெஸ்ட் விக்கறவங்கதான்... பயணிங்க உயிர் விஷயம், மேடம். விளையாட முடியுமா?"

அவள் சட்டென்று கையை நீட்டினாள். "அந்த எச்சில் எடுக்கற குழாயக் குடுங்க. எனக்கும் பாருங்க."

ஒரு வாரம் கழித்து டாக்டர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "மேடம், உங்க தம்பிக்கு இருக்கறதவிட உங்களுக்கு அந்த அடையாளம் அதிகமா இருக்கு."

இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அம்மா இருட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த வீடு. யாரும் அவர்களைத் தூக்கிக் கொஞ்சியதில்லை. இவ்வளவு காலம் எலிகளிடம் அந்த அடையாளத்தைத் தேடித் தேடிப் பார்த்தவள், தன்னைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை.  சோதனை செல்லாது என்று ஊருக்கே எடுத்துச் சொல்ல வேண்டியவள்தான். ஆனாலும் அன்று மாலைவரை அதை அவளே நம்பினாள். எடுத்த கண்ணாடிக் குப்பி கையிலிருந்து நழுவி உடைந்தது. 'அதனாலதானோ' என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், தம்பியின் தலையில் எதை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது.

பஸ் கம்பெனியின் அடுத்த கூட்டத்தில் முதலாளிகளும் டிரைவர்களும் இருக்க, எழுந்து நின்று தன் சோதனை முடிவைத் தானே சொன்னாள். 

"உங்க கணக்குப்படி எனக்கு சைக்கிள்கூடக் குடுக்கக் கூடாது," என்றாள். "நீங்க கட்டுரையில பாதிதான் படிச்சிருக்கீங்க. மீதிய நான் சொல்றேன், கேளுங்க."

கம்பெனி சோதனையைக் கைவிட்டது. தம்பி மறுபடி ஸ்டீரிங் பிடித்தான். சோதனையை விற்றவர்களோ கடையைக் கட்டவில்லை. வேறு கம்பெனிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் மறுப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தம்பியின் பஸ்ஸிலேயே ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் அவன் திரும்பினான்.

"முன்னெல்லாம் கை வேர்த்தா வெயில்னு விட்டுடுவேன், அக்கா. இப்ப வேர்த்தா அந்த அடையாளம்தானோன்னு தோணுது."

 அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று, ஈரமாயிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான்டா தோணுது," என்றாள்.