ஹர்தினாவின் மண்ணீரல்

...கிழிந்த காது மட்டும் ஏன் பிள்ளைகளுக்கு வருவதில்லை, அதுதான் புரியவில்லை. எனக்குப் பத்து வயதில் முங்கும்போது செவிப்பறை கிழிந்தது, ரத்தம் வந்தது, ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன், பிறகு எந்த ஆழத்திலும் வலியில்லை. அப்பாவுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும். இத்தனை தலைமுறை கிழித்தும், கடலில் முங்கிப் பிழைக்கும் எங்கள் பஜாவ் இனத்தில் பிள்ளை ஒவ்வொன்றும் முழுக் காதோடுதான் பிறக்கிறது. மண்ணீரல் மட்டும் பிறவியிலேயே பெரிதாம், அது சுருங்கி ரத்தம் தருவதால்தான் இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடிகிறதாம். மகாசர் நகரத்திலிருந்து வந்த, என்னை ஐயா என்பதுபோல பாக் என்று கூப்பிடும் டாக்டரம்மா நேற்றுச் சொன்னாள். முங்கி முங்கிப் பெருசாச்சா டாக்டர், என்றேன். "இல்ல பாக் டஹ்ருன். முங்காத உங்க ஆளுங்களுக்கும் பெருசுதான். எப்பவோ யாருக்கோ தானா மாறியிருக்கு, அவங்க பிழைச்சாங்க, பிள்ளைங்களுக்கு வந்தது. கடல் எதையும் மாத்தல. இருந்ததுல பொறுக்கிக்கிச்சு, அவ்வளவுதான்." நேற்றிரவு முழுதும் அந்தச் சொல்... பொறுக்கிக்கொண்டது.

இப்போது என் மகள் ஹர்தினா பள்ளிக்கூட பெஞ்சில் படுத்திருக்கிறாள், சட்டையை விலா வரை ஏற்றி, மண்ணீரலை ஸ்கேன் செய்ய வயிற்றில் பசை தடவி. பலகைத் தரைக்கு அடியில் அலை தட்டுகிறது. வேண்டாம் என்றேன், கேட்டாளா? அளவைச் சத்தமாகப் படிக்கிறார்கள், வரிசையில் ஊரே நிற்கிறது. சின்னது என்று வந்தால்? பதினாறு வருடமாக ஊருக்குச் சொன்ன கதை, என் மனைவி மர்வியா பாவ்பாவ் ஆஸ்பத்திரியில் பெற்றாள் என்பது, ஒரே எண்ணில் போய்விடும். ஹர்தினாவுக்கும் அந்தக் கதைதான் தெரியும். சந்தைப் படித்துறையில் மீன்கூடைக்குள் கிடந்தாள் என்பது எங்கள் இருவருக்கு மட்டும். கடலுக்குப் போகாத கரைக்காரி எவளோ விட்டுப்போனது என்று நினைத்தோம். சந்தைக்குச் சோளம் கொண்டுவரும் பெண்களில் ஒருத்தியாக இருக்கும்... கடலில் விட நஞ்சுக்கொடி இல்லை. கூடப் பிறந்ததைக் கடலுக்குக் கொடுக்காவிட்டால் கடல் பிள்ளையை அடையாளம் காணாது என்று மர்வியா அழுதாள். அதற்குப் பதிலாகக் கொட்டாங்கச்சியில் அரிசி வைத்துக் கட்டிக் கடலில் விட்டோம். கடல் ஏமாந்திருக்குமா? ஐந்து வயதில் நீந்தினாள். எட்டு வயதில் காது கிழிந்து வந்து என் மடியில் விழுந்து கதறினாள், எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம், வெளியே சொல்ல முடியுமா? இத்தனை வருட உப்புத் தண்ணீர் உள்ளே ஒன்றுமே செய்யாதா? ஒரு விரல் அகலம் போதும், அவ்வளவு பெரிதாகியிருந்தால் போதும்...

"என்ன டஹ்ருன், உன் முகம் ஏன் ஊதின மீன் மாதிரி இருக்கு?" சம்சுல், எனக்குப் பின்னால். "பயப்படாதய்யா. அவ முங்கினா நான் ஒரு பீடி குடிச்சு முடிச்சுடறேன், அதுக்கப்புறம்தான் தலை தெரியுது. உள்ள பாதி கடலே இருக்கும்."

"பேசாதீங்க மாமா, சிரிப்பு வருது, ஐயோ பசை வழியுது" என்கிறாள் பெஞ்சிலிருந்து.

டாக்டரம்மா திரையைப் பார்க்கிறாள். பிறகு என்னை. "பாக், உங்களுதவிடப் பெருசு! இந்த ஊர்ல அளந்ததுலயே இதுதான் பெருசு. சுத்தமான கடல் ரத்தம்."

எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஹர்தினா என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். எனக்குக் கண் கலங்குகிறது, கொடுத்துவிட்டது, கடல் கொடுத்துவிட்டது... ஆனால் கடல் எதையும் மாற்றுவதில்லை என்றாளே. அப்படியானால் இது பெற்றவள் வழி வந்ததா? கூடையில் கிடந்தபோது தொப்புள்கொடியை வலை நூலால் கட்டியிருந்தது, சந்தையில் எங்கும் கிடக்கும் நூல்தானே என்று விட்டுவிட்டேன். சோளக்காரி வலை முடிச்சுப் போடுவாளா? பின்னால் வரிசையில் பெண்கள் நிற்கிறார்கள், என் வயதில் சிலர், அவளைத் தினம் பார்க்கிறவர்கள், அவளுக்கு மீன் கொடுக்கிறவர்கள். நான் திரும்பவில்லை. கை தட்டாமல் நிற்பவள் யார் என்று பார்க்க என்னால் முடியாது.

"டாக்டர், இன்னொரு தடவ அளந்து பாருங்க."

"ஏன் பாக், பெருசாத்தானே இருக்கு?"

"பாருங்க" என்கிறேன். "தப்பா இருக்கும்."